கொத்து வேலை படித்த டாக்டர்



நம் மாணவர் பேரவை மலரில் வருஷம் தவறாமல் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரும். விஸ்வேஸ்வரய்யா வந்தாயிற்று. எடிசன் வந்தாயிற்று. ஜி.டி. நாயுடு இரண்டு தடவை வந்துவிட்டார். இந்த வருஷம் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் ஒரு டாக்டரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் பேரவைச் செயலாளருக்கு முகம் கோணிவிட்டது. ஏலே, இது பாலிடெக்னிக் மலர், மெடிக்கல் காலேஜ் ஹைகிரவுண்டில் இருக்கு, அங்கன கொண்டு போய்க் கொடு என்று விரட்டினான். இந்த டாக்டர் முதலில் கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றவர், நோயாளியின் செருப்புக்கு நல்ல பொருள் கிடைக்காதா என்று கல்கத்தா வரை போய் வந்தவர் என்று விளக்கிச் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தான்.

அவர் பெயர் பால் பிராண்ட். உலகம் முழுக்கக் கை அறுவைச் சிகிச்சை படிக்கிறவர்களுக்குத் தெரிந்த பெயர். நம் நெல்லைச் சீமைக்கும் அவருக்கும் நேரடிச் சம்பந்தம் ஒன்றும் இல்லை. எனக்கு அவரை அறிமுகம் செய்துவைத்தது எங்க ஆச்சியின் கால்.

இரண்டாம் வருஷம் படிக்கும்போது நடந்தது இது. நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டம் பார்க்க ஆச்சி சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். தேருக்கு முன்னால் செருப்பாவது ஒன்றாவது என்று கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். மத்தியான வெயில், ரத வீதியில் தார் உருகிக் கிடந்தது. கால் பொசுங்கி நாங்கள் எல்லாரும் கடை நிழலைப் பார்த்து ஓடினோம். ஆச்சி மட்டும் நிதானமாக நடந்து வந்தாள். இந்த வயசிலும் என்ன வைராக்கியம் பாரு என்று அம்மா மெச்சிக்கொண்டாள். ராத்திரி வீட்டுக்கு வந்து பார்த்தால் வாசல்படியிலிருந்து அடுப்படி வரைக்கும் தரையில் ஈரத் தடம். தண்ணீரைக் கொட்டிவிட்டாள் என்று நினைத்தோம். கொப்புளம் உடைந்து வடிந்த நீர் அது! இரண்டு பாதமும் வெந்து போயிருக்கிறது. அவளுக்குத் தெரியவே இல்லை. பதினெட்டு வருஷத்துச் சர்க்கரை நோய், பாதத்தில் இருந்த சுரணையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டிருந்தது.

ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. புண் ஆறியதும் எம்.சி.ஆர். செருப்பு வாங்கிப் போடுங்கள் என்று டாக்டர் சீட்டு எழுதினார். பாளையங்கோட்டையில் ஒரு சந்துக்குள் காலிப்பரும் பூட்சும் செய்கிற சின்னப் பட்டறை. அளவு கொடுக்க ஆச்சியைக் கூட்டிக்கொண்டு போனேன். பட்டறைக்கார அண்ணாச்சி இளவயதில் வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் இந்தத் தொழில் படித்தவர். அவர் செய்து கொடுத்த செருப்பை மெக்கானிக்கல் படிக்கிற கண்ணோடு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு ஆணி கூட இல்லை. ஒட்டும் தையலும் மட்டும்தான். குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார் இருந்தது. ஏன் என்று கேட்டேன். ஆணி மேலே கிளம்பினால் இந்தக் காலுக்குத் தெரியாது தம்பி, செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது, அதுக்குத்தான் பின்வார் என்றார். அப்புறம் பிராண்ட் டாக்டர் பற்றி ஆரம்பித்தார். அன்று கடைசி பஸ்ஸில்தான் நாங்கள் ஊர் திரும்பினோம்.

அந்தக் கதையையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

பால் பிராண்ட் 1914 ஜூலை 17-ஆம் நாள் நம் தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் பிறந்தார். தகப்பனார் ஜெஸ்ஸி, தாயார் எவெலின். இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். ரோடு கிடையாது, மலையேறித்தான் போகவேண்டும், காய்ச்சல் பிடித்த இடம் என்று கீழ்நாட்டார் பயந்த மலை அது. ஜெஸ்ஸிக்குக் கட்டட வேலை தெரியும். ஓரளவு வைத்தியமும் கற்றிருந்தார். வீடு கட்டுவார், பல் பிடுங்குவார், நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி வெளியே எடுப்பார். சீழும் ரத்தமுமாக அதையெல்லாம் பார்த்து வளர்ந்த பையனுக்கு வைத்தியம் என்றாலே குமட்டல் வந்துவிட்டது. மரம் ஏறுவதிலும் தமிழ் பேசுவதிலும் மலைப் பிள்ளைகளுக்கு அவன் சளைத்தவன் இல்லை.

ஒன்பது வயதில், 1923-இல், படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அப்பாவை அவன் பார்க்கவே இல்லை. 1929-இல் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி மலையிலேயே இறந்துபோனார். தந்தி முந்திக்கொண்டது. அவர் எழுதிப் போட்டிருந்த கடிதங்கள் கப்பலில் பிந்தி வந்து சேர்ந்தன. பதினைந்து வயசு நிரம்பாத பையன், இறந்த அப்பாவின் கடிதத்தைப் பிரித்துப் படித்தான் என்று நினைத்துப் பாருங்கள்! தாயார் எவெலின் அப்புறம் மலைக்கே திரும்பி வந்து, கிழவியான பிறகும் மலை மலையாக ஏறி, 1974-இல்தான் காலமானார். அந்த அம்மாளுக்குத் தனியே ஒரு மலர் போடலாம். இங்கே இடம் இல்லை.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் பையனை டாக்டருக்குப் படிக்கவைக்க உறவினர் ஒருவர் பணம் தருவதாகச் சொன்னார். பையன் மாட்டேன் என்றுவிட்டான். அப்பா மாதிரி கட்டட வேலை கற்று இந்தியாவுக்குப் போவது என்று முடிவு. சில வருஷங்கள் தச்சு, கொத்து, கல்வேலை எல்லாம் தொழிலாளிகளோடு தொழிலாளியாகக் கற்றுக்கொண்டான். நாம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு செமஸ்டர் அரம் பிடித்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்து வருத்தப்படுகிறோமே, அந்த மாதிரி இல்லை. சம்பளத்துக்கு வேலை.

இந்தியாவுக்குப் போகிற மிஷனரிக்குக் கொஞ்சம் வைத்தியமும் தெரிந்திருக்க வேண்டும் என்று லண்டனில் ஒரு வருஷப் பயிற்சிக்குப் போனார். அந்தப் பயிற்சியில் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ராத்திரி வேலை. விபத்தில் அடிபட்ட ஒரு இளம்பெண்ணைத் தூக்கி வந்தார்கள். ரத்தமெல்லாம் போய் முகம் மெழுகு மாதிரி வெளுத்துவிட்டது. செத்துவிட்டாள் என்றே பிராண்ட் நினைத்தார். ஒரு நர்ஸ் ரத்தப் பாட்டிலைக் கொடுத்து, உயரே தொங்கவிட்டுக் குழாயைச் செருகினார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் நாடியில் ஒரு துடிப்பு. கன்னத்தில் சிவப்பு. அப்புறம் கண்ணைத் திறந்து அவள் தண்ணீர் கேட்டாள்.

ஒரு கண்ணாடிப் பாட்டில், ஒரு ரப்பர் குழாய், ஒரு ஊசி. உயரம் கூடினால் அழுத்தம் கூடும் என்று நமக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் முதல் பாடமாக வருவதுதான். அதை வைத்துப் போன உயிரைத் திருப்ப முடியும் என்பதைக் கண்ணால் பார்த்த அந்த ராத்திரியோடு, ரத்தத்தின் மேல் இருந்த அருவருப்பு அவரை விட்டுப் போயிற்று. முறையாக டாக்டருக்குப் படிக்கச் சேர்ந்தார். கற்ற கொத்து வேலையெல்லாம் வீண் என்று அப்போது அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கே படிக்கும்போது அப்படித்தான் தோன்றியது.

படித்து முடித்த காலம் இரண்டாம் உலகப் போர். லண்டன் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. சிதைந்த கையும் காலுமாக வந்தவர்களை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு அறுவைச் சிகிச்சையில் தேர்ந்தார். கூடப்படித்த மார்கரெட்டை 1943-இல் மணந்தார். அந்த அம்மையார் பின்னாளில் வேலூரில் கண் வைத்தியத்தில் பெயர் எடுத்தவர். 1946 கடைசியில் பிராண்ட் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

மறு வருஷம், தொழுநோய் வைத்தியத்தில் பெரிய நிபுணரான ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்க அழைத்துப் போனார். மரத்தடியில் நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். மடங்கிப்போன விரல்கள், தேய்ந்துபோன பாதங்கள். இந்தக் கைகள் ஏன் இப்படி ஆகின்றன என்று எலும்பு டாக்டர் பிராண்ட் தோல் டாக்டர் காக்ரேனைக் கேட்டார். காக்ரேன் கேள்வியைத் திருப்பிப் போட்டார். எலும்பு டாக்டர் நீர், நீர்தானே சொல்ல வேண்டும், உம் ஆட்களில் ஒருத்தர் கூட இதைப் பார்க்கவில்லையே என்பது அவர் ஆதங்கம். போலியோவுக்கும் விபத்துக்கும் எத்தனையோ நிபுணர்கள் இருந்தார்கள். லட்சக்கணக்கான பேரை முடமாக்கிக்கொண்டிருந்த தொழுநோய்க்கு ஒருவர்கூட இல்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும், தொட்டாலும் பிரயோசனம் இல்லை, சதையே அழுகிப்போகிறது என்று எல்லாரும் நம்பியிருந்த காலம்.

அப்போதுதான் அந்தக் கைகுலுக்கல் நடந்தது. ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தன் கையைக் கொடுத்து, பிடிக்கச் சொன்னார் பிராண்ட். செயலிழந்த கை, பிடி தளர்வாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். அந்த ஆள் பிடித்த பிடியில் நகம் சதைக்குள் இறங்கி, வலி தாங்காமல் பிராண்ட் கத்திவிட்டார். அந்த ஆளுக்கோ தான் வலிக்கப் பண்ணுவது தெரியவில்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். செத்துப்போன கை என்று உலகம் ஒதுக்கிய கைக்குள் இவ்வளவு விசை எங்கிருந்து வந்தது? தசை சாகவில்லை என்றுதானே அர்த்தம்! பிராண்டும் கூட்டாளிகளும் தேடிப்பார்த்தார்கள். நோய்க்கிருமி நரம்பைத்தான் பிடிக்கிறது, அதுவும் தோலுக்கு அருகில், சூடு குறைந்த இடங்களில். அதனால் உள்ளங்கையின் சின்னத் தசைகள் செயலிழக்கின்றன. முன்கையின் பெரிய தசைகள் பலவும் நன்றாகவே இருக்கின்றன. இழுக்கிற சக்தி இருக்கிறது, ஆனால் சமன்பாடு கெட்டு விரல் நகம்போல வளைந்துவிடுகிறது. அப்படியானால் நல்ல தசை ஒன்றின் தசைநாரை எடுத்து வேறு வழியாகக் கொண்டுபோய் விரலில் கட்டினால்? கப்பியும் கயிறும்தான். மோட்டாரை மாற்ற வேண்டாம், பெல்ட்டை மாற்றிப் போட்டால் போதும். 1948 வாக்கில் வேலூரில் அவர் செய்யத் தொடங்கிய இந்த அறுவை, பிற்பாடு பல நாடுகளுக்குப் பரவியது. தொழுநோயாளியின் கையை நேராக்குவதற்கென்றே அதற்கு முன்னால் இப்படி முறையாக யாரும் இறங்கியதில்லை.

வெற்றி என்று இங்கேயே முடித்திருந்தால் அவர் நல்ல சர்ஜன். அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு நடந்ததுதான்.

கை சரியாகிப் போன ஆள் கொஞ்ச நாளில் திரும்பி வந்தான். இது நல்ல கை இல்லை ஐயா என்று முறையிட்டான். பிச்சை எடுக்க உதவவில்லை! முன்பு மடங்கிய விரலைப் பார்த்துக் காசு போட்டவர்கள் இப்போது போடுவதில்லை. நோய் வந்த ஆள் என்று வேலையும் கொடுப்பதில்லை, வீடும் கொடுப்பதில்லை. வாழ வழியில்லாத கையைத்தான் தான் செய்துகொடுத்திருக்கிறோம் என்பது பிராண்டுக்கு அப்போது உறைத்தது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், வயதான ஒரு மிஷனரி அம்மையார் கொடுத்த நன்கொடையில், கல்லூரி நிலத்திலேயே சின்னச் சின்ன மண்வீடுகள் கட்டி நவஜீவ நிலையம் என்று ஒரு கிராமம் அமைத்தார்கள். நடுவில் ஒரு தச்சுப் பட்டறை. கை சரியான பையன்களுக்கு அங்கே தொழில் சொல்லிக்கொடுத்தார்கள், மரப் பொம்மைகள் செய்தார்கள். ரம்பம் பிடிப்பது எப்படி, இழைப்புளி தள்ளுவது எப்படி என்று பக்கத்தில் நின்று காட்டியவர் யார் தெரியுமா? டாக்டர் பிராண்ட்தான். லண்டனில் கற்ற தச்சு வேலை வேலூரில் வந்து கைகொடுத்தது.

அந்தப் பட்டறைதான் அவருடைய ஆராய்ச்சிக்கூடமும் ஆயிற்று. பையன்களின் கைகளில் தினமும் புதுப்புதுப் புண்கள். நோய் முற்றுகிறது என்று மற்றவர்கள் சொன்னார்கள். பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் கேட்டுத் துப்பறியும் போலீஸ் மாதிரி அலைந்தார். துருப்பிடித்த ஒரு பூட்டு. தன்னால் திருக முடியாத சாவியை ஒரு சிறுவன் வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். பார்த்தால் விரலில் எலும்பு தெரிய வெட்டு. சாவி அறுத்தது அவனுக்குத் தெரியாது. இன்னொருவனின் விரல் துணுக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போயிருந்தது. காவல் இருந்து பார்த்தார்கள். எலி! தூங்குகிறவனின் விரலை எலி கடித்திருக்கிறது, அவன் விழிக்கவில்லை. அதன் பிறகு அங்கே நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள் என்றால் சிரிப்பாக இருக்கும். எனக்கு ஆச்சியின் ஈரத் தடம் ஞாபகம் வந்து சிரிக்க முடியவில்லை.

விரல்களைத் தொழுநோய் நேராகத் தின்பதில்லை. வலி இல்லாததால் விரல்கள் காயப்பட்டு, கவனிப்பார் இல்லாமல் காயம் மேல் காயமாகி, தேய்ந்துபோகின்றன. ஆயிரம் வருஷங்களாக உலகம் கொண்டிருந்த எண்ணத்தை இந்தத் தச்சுப் பட்டறைக் கணக்கு புரட்டிப்போட்டது.

நம் பத்தமடையில் கோரையைத் தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிசாகக் கிழித்துப் பட்டுப்போலப் பாய் நெய்கிறார்களே, அவர்கள் கண்ணால் மட்டும் நெய்வதில்லை. எவ்வளவு அழுத்தினால் கோரை முறியும், எவ்வளவு அழுத்தினால் படியும் என்று விரல் நுனி சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்த விரல் நுனி மரத்துப்போனால்? தேவைக்கு மேல் பல மடங்கு அழுத்திப் பிடிப்பார்கள். இப்படி அழுத்திப் பிடித்துப் பிடித்தே புண்ணாவதைப் பிராண்ட் கண்டார். கருவிகளின் பிடியைத் தடித்ததாக, வழவழப்பாக, கூர் இல்லாமல் மாற்றினார்கள். சுரணை கெட்டவனே என்று வாத்தியார் நம்மைத் திட்டும்போதெல்லாம் இனி எனக்கு இந்தப் பையன்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

கையை விடப் பெரிய தொல்லை கால். புண்ணை மருந்து வைத்துக் கட்டினால் ஆறாது, மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்தால் ஆறுகிறது. கட்டைப் பிரித்து நடந்தால் திரும்பவும் வருகிறது. அப்படியானால் மருந்தைவிட முக்கியம் நடை, செருப்பு. மரக்கட்டை, மெழுகு, பிளாஸ்டிக் என்று ஒவ்வொன்றாக முயன்றார். பிளாஸ்டிக் கலவை செய்யக் கற்றுக்கொள்ளக் கல்கத்தா போனார். கடைசியில் நிலைத்தது மைக்ரோசெல்லுலார் ரப்பர், அதுதான் எம்.சி.ஆர். ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள், ஒன்றோடு ஒன்று சேராமல் தனித்தனியாக. மெத்தென்று இருக்கும், ஆனால் பஞ்சு மாதிரி நசுங்கித் தட்டையாகிவிடாது. கடினத்தன்மை ஷோர் ஏ கணக்கில் 15 அளவு. டயர் ரப்பர் 60 அளவில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டால் வித்தியாசம் புரியும். பாதம் கொஞ்சம் உள்ளே புதைவதால் பாரம் ஒரே புள்ளியில் விழாமல் பரவுகிறது. விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். முதல் வருஷப் பாடம்!

பிராண்ட் கண்ட இன்னொரு விஷயம் நம் மெக்கானிக்கல் பையன்களுக்கு உடனே புரியும். ஆணி குத்திக் கெடும் கால் கொஞ்சம்தான். சாதாரண அழுத்தம், ஒரே இடத்தில், ஆயிரக்கணக்கான தடவை விழுந்து கெடும் கால்தான் அதிகம். ஒரே வளைவில் ஒடியாத கம்பி, திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிகிறதல்லவா? ஃபெட்டீக் ஃபெயிலியர் என்று பரீட்சைக்குப் படிக்கிறோமே, அதேதான். நல்ல காலுள்ளவன் நாலு மைல் நடந்ததும் தன்னை அறியாமல் நடையை மாற்றுகிறான், பாரத்தை ஓரத்துக்குத் தள்ளுகிறான், லேசாக நொண்டுகிறான். மரத்த கால் முதல் அடியும் பத்தாயிரமாவது அடியும் ஒரே மாதிரி வைக்கும். அன்று தேரோடு நிதானமாக நடந்த ஆச்சியின் நடையை நாங்கள் வைராக்கியம் என்று நினைத்தோம்!

1955-இல் கரிகிரியில் ஷீஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி மையம் ஏற்பட்டது. அறுவையும், செருப்புப் பட்டறையும், பயிற்சியும் ஒரே இடத்துக்கு வந்தன. பிராண்டிடம் தொழில் கற்றவர்களில் மேரி வர்கீஸ் என்ற டாக்டரைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1954-இல் வண்டி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோன இளம் பெண் டாக்டர். வாழ்க்கை முடிந்தது என்று கிடந்தவருக்குப் பிராண்ட் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். கை அறுவையை டாக்டர்கள் உட்கார்ந்துகொண்டுதான் செய்கிறார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்த அம்மையார் தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். பிற்பாடு வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு வழி திறந்தவரும் அவரே.

1966-இல் பிராண்ட் குடும்பத்தோடு அமெரிக்கா போய், லூசியானாவில் கார்வில் என்னும் ஊரின் தொழுநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். போனாரே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அங்கே அவர் செய்த ஒரு தோல்வியை நான் சொல்லியே ஆகவேண்டும்.

வலி இல்லாததுதான் குறை, நாம் செயற்கையாக வலியைச் செய்து கொடுத்தால் என்ன என்று நினைத்தார். இன்ஜினியர்களைச் சேர்த்துக்கொண்டு, கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை அளக்கும் சென்சார்களை வைத்தார்கள். அழுத்தம் மிஞ்சினால் காதில் சத்தம் கேட்கும். நோயாளிகள் சத்தத்தைக் கேட்டார்கள், செய்கிற காரியத்தை முடித்துவிட்டுத்தான் கையை எடுத்தார்கள். சத்தத்துக்குப் பதில் மின்சார அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். இறுகிய திருகாணியைக் கழற்ற வேண்டியிருந்தால், சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார்கள். சென்சார்களும் அடிக்கடி பழுதாயின. சில வருஷ உழைப்புக்குப் பிறகு கைவிட்டார்கள். நம் உடம்பில் இருக்கும் வலிக்கு அணைக்கும் சுவிட்ச் இல்லை, அதனால்தான் அது வேலை செய்கிறது என்று அவருக்குப் புரிந்தது. மின்னணுக் கருவியால் முடியாததைத் தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தாலும் மெத்தென்ற செருப்பாலும் ஓரளவு செய்யலாம் என்ற இடத்துக்கே அவர் திரும்பி வந்தார். அந்தச் செருப்பும் மாவுக்கட்டும் இப்போது சர்க்கரை நோயாளிகளுக்கும் ஆகிவந்து, உலகம் முழுக்கக் கால்களைக் காப்பாற்றுகின்றன. வேலையிலிருந்து ஓய்வு பெற்று சியாட்டில் நகரில் இருந்தவர், 2003 ஜூலை 8-இல் எண்பத்தெட்டு வயதில் காலமானார்.

தொழுநோய்க்கு இப்போது நல்ல கூட்டு மருந்து இருக்கிறது. 2005 முடிவில் இந்தியா முழுவதற்கும் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலைக்கு நோய் இறங்கியது. ஆனாலும் வருஷந்தோறும் புது நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளோ நம் தெருவுக்குத் தெரு.

இனி என் கதை. ஐந்தாம் செமஸ்டர் முடிந்து இன்பிளான்ட் டிரெய்னிங்குக்கு எல்லாரும் பெரிய கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டபோது, நான் அண்ணாச்சி பட்டறைக்குப் போனேன். செருப்புத் தைக்கவாலே டிப்ளமா படிச்சே என்று கேட்காத ஆள் ஹாஸ்டலில் இல்லை. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை. அங்கே மூன்று வாரம் இருந்தேன். ரப்பர் ஷீட்டை வெட்டி, கிரைண்டரில் ஓரம் சாய்த்து, ஒட்டி, அழுத்தி வைப்பது பார்க்க லேசு. ஒரு மில்லிமீட்டர் கூடினால் வேறு இடத்தில் புண் வரும். காலிப்பரின் முழங்கால் பூட்டு உட்காரும்போது சிக்குகிறது என்று ஒரு போலியோ அக்கா கொண்டுவந்தார். அதை நான்தான் அரம் போட்டுச் சரிசெய்தேன். பூட்டு டக்கென்று விழுந்த சத்தத்தில் அந்த அக்கா முகத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

கேம்பஸ் இன்டர்வியூவில் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றில் என்னையும் எடுத்திருக்கிறார்கள். ஜூலையில் சேர வேண்டும். கடிதம் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. செயற்கைக் கால், காலிப்பர் செய்யும் படிப்பு ஒன்று இருக்கிறதாம், அதற்கு எழுதிப்போடு என்கிறார் அண்ணாச்சி. அப்பாவிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. லாரி ஷெட்டில் முப்பது வருஷமாகக் கிரீஸும் கையுமாக இருக்கிற மனுஷர். பையன் வெள்ளைச் சட்டை போட்டுச் சம்பாதிக்க வேண்டும் என்று ஆசைப்படுவது தப்பா என்ன? இந்த மலர் வீட்டுக்கு வரும்போது அவர் படிப்பார். அதற்காகவும்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆச்சியை ஸ்டாம்ப் மை தடவிய தாளின் மேல் நிற்கவைத்துப் பாதத் தடம் எடுத்தேன். பாரம் அதிகமான இடம் கருப்பாக விழும். எய்யா, பத்திரப் பதிவுக்குக் காலையுமா உருட்டணும் என்று கேட்டாள். குதிகால் பரவாயில்லை. விரல் எடுத்த இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு ரூபாய்க் காசு அளவுக்குக் கருப்பு அப்படியே இருக்கிறது. தாளை அண்ணாச்சியிடம் காட்டினேன். அந்த இடத்தில் அடிப்பக்கமாக இரண்டு மில்லிமீட்டர் குழித்துப் பார்ப்போம், சனிக்கிழமை வா என்றிருக்கிறார்.